கவுன்சலர் மேடம் என்னைப் பார்க்கவே இல்லை

தூக்கம் வராததற்காக இரண்டு மாதமாக நான் போய்வரும் கவுன்சலர், இன்று மட்டாஞ்சேரி காய்கறிக் கடையில் என்னைக் கண்டும் காணாதவர்போல் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. தாங்காமல் கேட்டே விட்டேன். "மேடம், என்மேல பிணக்கமா?"

அவர் சிரித்தார். "ஐயோ டீச்சரே, நீங்க முதல்ல பேசினாத்தான் நான் மிண்டலாம். எங்க தொழில்ல அப்படித்தான். என்கிட்ட வர்றவங்க யாருன்னு வெளியில தெரியக் கூடாதில்ல?"

அருகில் சேனைக்கிழங்கோடு நின்ற எங்கள் பக்கத்து வீட்டு மணியண்ணன், கவலையே இல்லாத மனிதர் என்று தெருவில் பெயர் வாங்கியவர், உரக்கச் சொன்னார்: "ஓ, அதானா! என்னையும் பாக்காம போறப்ப, நான் கோபம்னுல்ல நினைச்சேன்!"

மேடம் அவசரமாகத் தேங்காயைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

உங்களையும் யாராவது சமீபத்தில் பார்க்காமல் போனார்களா? விவரம் வேண்டாம், ஒரு சிரிப்பு மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்.