மொட்டைமாடியில் இரண்டு திரைகள்

செங்கம் ரோட்டில் இருக்கும் ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனார் குடும்பம். ஆளுக்கு ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். எனக்கும் என் ஓரகத்திக்கும் கதைப் புத்தகம் என்றால் உயிர். எங்களுக்குள் போட்டியும் அதில்தான்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், சென்னை போன என் கணவர் எனக்கொரு இ-புக் ரீடர் வாங்கி வந்தார். பளபளக்கும் கலர் திரை. தமிழ் நாவல்களையும் ஏற்றிக் கொடுத்தார். தெருவில் யாரிடமும் இல்லாத பொருள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில், மாடி அறையில் தங்கியிருந்த ஜெர்மன் அம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது தன் ரீடரை ஓரகத்திக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். சாம்பல் நிறத் திரை, கலர் கிடையாது.

"இன்னாம்மா, சிலேட்டு மாதிரி இருக்கு?" என்று சிரித்தேன்.

"மொட்டைமாடிக்கு வாங்கக்கா. ரெண்டையும் வெச்சுப் பாத்துடலாம்."

உச்சி வெயில். என் திரையில் என் முகமும், பின்னால் கொடியில் காய்ந்த புடவையும் தெரிந்தன. எழுத்து தெரியவில்லை. அவளுடையதில் அச்சடித்த தாளைப் போல இங்கிலீஷ் எழுத்து கறுப்பாக நின்றது. பக்கம் மாறும்போது மட்டும் திரை ஒருமுறை கறுத்து மீண்டது. நான் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது பாரு, மின்னி மின்னி மறையுது."

"பழகிடும்க்கா. கண்ணு எரியல பாருங்க, அதான் பெருசு."

எனக்குத் தினமும் கண் எரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் ரீடரில் தமிழ்ப் புத்தகத்தை ஏற்றினால், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அதுவும் நிலைக்கவில்லை. எங்கள் அறையில் குடியிருந்த சென்னை இன்ஜினீயர், தமிழ்ப் பக்கங்களைப் படமாக மாற்றி அவளுக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டார். எங்கள் வாடகைக்காரர்! இரண்டு நாள் அவருக்குக் காபியைத் தண்ணீராகவே கலந்தேன்.

கடைசியில் தாங்க முடியாமல், "ஒரு நாளைக்குக் குடும்மா" என்று கேட்டேன். உடனே கொடுத்தாள். காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்தவள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. வயிறு எரிந்தது.

சாயங்காலம் வாங்கிப் போக வந்தாள். "எப்படிக்கா இருக்கு?"

"பரவால்ல. கொஞ்சம் மங்கல். நம்மளுது அளவுக்கு வராது."

"அதான் நானும் நெனச்சேன். கலர் இல்லாம எனக்கும் இது போரடிக்குது. வேணும்னா மாத்திக்கலாமா? நீங்க இத வெச்சுக்குங்க."

கை அனிச்சையாக நீண்டது. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயோ, அவரு ஆசையா வாங்கிக் குடுத்தது. எப்படிம்மா மாத்தறது?" என்றேன்.

அவள் சாம்பல் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் என் கலர் திரையை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.