வெள்ளை ஊட்டிய குஞ்சுகள்

திண்டிவனத்தில் எங்கள் தெரு ஆரோக்கியசெல்வி அக்கா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். புறா ஆண்களின் விளையாட்டு என்று பேசுகிறவர்களும் குஞ்சுக்கு அவரிடம்தான் வருவார்கள்.

அவருடைய நல்ல புறாக்களெல்லாம் ஒரே சாம்பல் பெட்டையின் வழி வந்தவை. அதற்கு வயதாகிவிட்டது. இந்த முறை இட்ட இரண்டு முட்டைகள்தான் கடைசி என்று அக்காவுக்குத் தெரியும். அதன் ஜோடி நீலம் என்ற ஆண் புறா.

புறாக்களில் தகப்பனும் அடைகாக்கும். வெயில் ஏறியதும் பெட்டை இரைக்கு எழும். சாயங்காலம் வரை ஆண்தான் உட்காரும். பெட்டையைச் சுற்றிவரும் காலத்தில் ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மிகுந்திருக்கும். அடைகாக்கத் தொடங்கினால் அது இறங்கும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். அதனால் ஆணின் தொண்டைப் பையிலும் பால் சுரக்கும். குஞ்சுக்கு முதல் உணவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து வந்துபோன அக்காவின் தம்பி பிரவீன்குமார் இதையெல்லாம் யோசிக்கவில்லை. மறுநாளே நீலம் கழுத்தை உப்பிக்கொண்டு குனுகியது. முட்டைமேல் இருந்த பெட்டையைக் கொத்தி எழுப்பியது. அக்கா விழுப்புரத்துக்குப் போன் போட்டார்.

“டேய், நீலத்துக்கு இன்னாடா பண்ண?”

“ஒரு ஆண் ஹார்மோன் ஊசிக்கா. பந்தயத்துக்கு பவரு வரட்டும்னு. இங்க எல்லாரும் போட்டுக்கினுதான் இருக்காங்க.”

“வந்துடுச்சுடா பவரு! முட்டைய வுட்டுட்டு புது மாப்பிள்ள மாதிரி சுத்திக்கினு கீது. பெட்டையயும் உக்கார வுடல.”

“அய்யோ. நான் ஜல்தியா வரட்டுமா?”

“நீ வராம இரு. அதுவே பெரிய உதவி.”

முட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். சூடு குறைந்திருந்தது. பக்கத்துக் கூண்டில் ஒரு வெள்ளை ஜோடியும் அதே சமயத்தில் முட்டையிட்டிருந்தது. அக்கா தயங்கவில்லை. வெள்ளையின் முட்டைகளை எடுத்துவிட்டு சாம்பலின் முட்டைகளை வைத்தார். நான்கு குஞ்சுகளுக்கு ஒரு ஜோடியின் பால் போதாது. வெள்ளை ஆண் வயிற்றால் முட்டைகளைத் தள்ளிச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது.

முட்டைகள் பொரிந்த பிறகு தம்பி வந்தான்.

“பந்தயத்துல பாதி வழில எறங்கி, கிளியனூர்ல கடலைக் காட்டுல மல்லாட்டை பொறுக்கிக்கினு இருந்ததே, அந்த வெள்ளையா ஊட்டுது?”

“அதேதான். பாரு, குஞ்சு வாய உள்ள வுட்டுக் குடிக்குது.”

ஊசியின் வேகம் தணிந்த நீலம் தன் கூட்டில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

“நீலந்தான் சாதுவாயிடுச்சே. குஞ்சுங்கள அதுங்கிட்டயே வுட்டுடலாமாக்கா?”

“வுட்டா செத்துடும். அது அடையில உக்காரல, பால் ஊறல. அந்தப் பெட்டையும் பாதியில எழுந்துடுச்சு, அதுக்கும் இல்ல. பெத்தது இதுங்கதான், வளக்கப்போறது வெள்ளை.”

சாம்பலின் குஞ்சுகள் இரண்டும் இறகு முளைக்கும்வரை வெள்ளையின் கூட்டிலேயே இருந்தன.