மாப்பிள்ளைக்கு வாங்கிய ரைபிள்

எங்கள் நைனா காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்கு அறிந்தவர்களே. ஆனாலும் பெற்ற மகள் என்கிற முறையில் நான் நாலு வார்த்தை எழுதியே ஆகவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அமைதியாக உட்கார்ந்து எழுது என்றார்கள். உட்காருவதுதான் எங்களுக்கு வராத காரியம். இந்தச் சில வரிகளை எழுதுவதற்குள்ளேயே எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்துவிட்டேன். இது நைனா எனக்கு விட்டுப்போன சொத்து. நான் ஒரே பெண் என்பதால் பங்கு கேட்கவும் ஆள் இல்லை.

நைனா பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில், நெசவுக் குடும்பத்தில். சிறு வயதிலேயே அவரைத் தறியில் உட்கார வைத்தார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவரோ எழுந்திருக்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து போவாராம். இவனை உட்கார வைத்தால் சேலை தேறாது என்று வீட்டிலேயே முடிவு கட்டி, நெய்த சேலைகளை மூட்டையாகத் தோளில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டார்கள். வாலாஜாபாத், அரக்கோணம், சென்னை என்று வெயிலும் மழையும் பாராமல் நடந்தார். பெரிய வீடுகளின் பின்வாசலில் பாதி நாள் காத்துக் கிடந்து, ஒரு சேலையும் போகாமல் திரும்பிய நாட்கள் உண்டு. அம்மாவைக் கைப்பிடித்த பிறகுதான் சொந்தமாகக் கடை வைத்தார். கடையிலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கணக்குப்பிள்ளை திண்டில் சாய்ந்திருப்பார், முதலாளி வாசலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரை ஒரே ஒரு பொருள்தான் அசையாமல் நிறுத்தியது. சேலை விற்கப் போன ஒரு ஜமீன் வீட்டில், வேட்டைக்குக் கிளம்பியவர்கள் வேடிக்கையாக அவர் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தோளில் வைத்துக் குறி பார்த்த அந்தக் கணத்தில் உடம்பு முழுவதும் அடங்கிப் போயிற்று என்று நைனா சொல்வார். அதன் பிறகு கலெக்டர் கச்சேரிக்கு அலைந்து லைசென்ஸ் வாங்கினார். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு வேட்டையா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. சுட்டது எதையும் அவர் எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்ததில்லை. ஆயுத பூஜையன்று அம்மா கத்தரிக்கோலுக்கும் முழக்கோலுக்கும் பொட்டு வைத்துவிட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் வந்ததும் கையைக் கட்டிக்கொள்வார். அதற்கு நைனாவேதான் பொட்டு வைக்க வேண்டும்.

நைனாவின் முதல் ரைபிள் ஆளுக்கு மீறியது. யாரோ விற்றுவிட்டுப் போன பெரிய காலிபர். காலிபர் என்பது குழலின் உள்வாய் அகலம். அகலம் கூடக் கூடக் குண்டும் பெரிது, தோளில் விழுகிற உதையும் பெரிது. அந்த உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே நைனாவின் கண் தானாக மூடிக்கொண்டது. திருப்புட்குழிக்குப் பக்கத்தில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள், கரையின் அடியில் ஓட்டை முறம் ஒன்றைச் சாய்த்து, அதில் சுண்ணாம்பால் பொட்டு வைத்துப் பழகுவார். முறத்துக்கு ஒரு காயமும் ஆகாது. ஒருநாள் குண்டு கரையில் பதித்திருந்த கல்லில் பட்டுத் தெறித்து, மேலே நடந்துபோன ஒருவருடைய தலைச்சுமையைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நைனாவுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து, கல் இல்லாத மண்கரையாகப் பார்த்து, மேலே சிவப்புத் துணியோடு ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் அவர் துப்பாக்கியைத் தொடுவார். அந்தப் பெரிய ரைபிளையும் விற்றுவிட்டுச் சிறியது ஒன்று வாங்கினார். மூடிப் பழகிய கண்ணைத் திறக்கத்தான் வருஷக்கணக்கில் ஆயிற்று.

இவ்வளவையும் நான் சொல்வது என் கல்யாணத்துக்காக. பாலாற்றுக்கு அக்கரையில் கரும்பும் வேர்க்கடலையும் பயிரிடும் ஒரு குடும்பத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்திருந்தது. சீர் பற்றிப் பேசும்போது, மோதிரம் வேண்டாம், பெண்ணின் தகப்பனாருக்குத்தான் விஷயம் தெரியுமே, நல்ல ரைபிளாகப் பார்த்து ஒன்று வாங்கித் தந்துவிடட்டும் என்றார்கள். நைனா சரி என்று தலையாட்டினார். அன்று பிடித்தது சனி.

அதற்குப் பிறகு நைனா வீட்டில் தரித்ததே இல்லை. ரயிலேறிச் சென்னைக்குப் போவார், மவுண்ட் ரோடு கடையில் ஒவ்வொரு ரைபிளாகத் தோளில் வைத்துப் பார்ப்பார், வெறுங்கையோடு திரும்புவார். கல்யாணச் சாமான் வாங்கப் பணம் கேட்டால் காலிபர் பேசுகிறார் என்று அம்மா எரிந்து விழுவார். ஆகையால் அந்தப் பேச்செல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன், அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடியே சொல்லிக்கொண்டு போவார்.

காலிபருக்கு எண்தான் பெயர். முந்நூற்று மூன்று பட்டாளத்துத் தோட்டா, நம்மைப்போல் உள்ளவர்களுக்குச் சர்க்கார் விடாது. அதே வேலையைச் செய்யும் முந்நூற்றுப் பதினைந்து கிடைக்கும், பன்றிக்கு அதுதான் சரி. முந்நூற்று எழுபத்தைந்து புலிக்கும் காட்டெருமைக்கும் ஆனது, பாலாற்றங்கரையில் அதை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை யாரைச் சுடப் போகிறார்? இருபத்திரண்டு சின்னது. உதை கிடையாது, சத்தம் கம்மி, தோட்டாவும் மலிவு. நாள் முழுவதும் முறத்தைச் சுட்டுக் கையும் கண்ணும் பழகலாம், முயல் அடிக்கலாம். பன்றியை மட்டும் நிறுத்தாது. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், தவறினால் குண்டு எங்கே போய் நிற்கும், இது மூன்றும் தெரியாமல் ரைபிள் வாங்குகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு சேலை எடுக்கிறவன் என்பார். நம்முடையது தட்டையான பூமி, பெரிய குண்டு தப்பினால் அடுத்த ஊர்வரை ஓடும். இவற்றோடு நாலாவதாக ஒன்று உண்டு, பிடிக்கிறவர் யார் என்பது. அதைச் சொல்ல வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மாப்பிள்ளை இதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை என்று அவர் விசாரித்து வைத்திருந்தார்.

கடைசியில் இருபத்திரண்டையே வாங்கினார். முதல் வருஷம் இதில் பழகட்டும், கண் திறந்தபடி சுட வந்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கு முந்நூற்றுப் பதினைந்தை நாமே வாங்கிக் கொடுப்போம் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அதை மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? உங்களுக்குச் சுடத் தெரியாது, நீங்கள் இன்னும் பழக வேண்டும் என்று பெண்ணைக் கொடுக்கிறவர் மாப்பிள்ளைக்குச் சொல்வது எங்களில் வழக்கமா? மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காரவே யோசித்தவர் நைனா.

கல்யாணப் பந்தலில் எல்லார் முன்னிலையிலும் ரைபிளைப் பிரித்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சம்பந்தி, இது காக்கா ஓட்டறதுக்கா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. நைனா கைகூப்பியபடி தாமும் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, மரியாதையோடு வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு நைனாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புகுந்த வீட்டில் காக்காத் துப்பாக்கி கொண்டுவந்தவள் என்று என்னைத்தானே சொல்வார்கள்?

சொல்லத்தான் செய்தார்கள். அது பன்றிக்கு ஆகாது என்று நான் என் கணவரிடம் சொன்னேன். துப்பாக்கி சங்கதியெல்லாம் உனக்கெதுக்கு என்று சிரித்துவிட்டார். அந்த வருஷம் கடலை முற்றும் சமயத்தில் பன்றிகள் இறங்கி வயலைக் கிளறிப் போட்டன. வீட்டில் சும்மா ஒரு ரைபிள் தொங்குகிறதே என்று யாரோ குத்திக் காட்டினார்கள். என் கணவர் விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு போனார். குண்டு பட்டது, பன்றி விழவில்லை, கரும்புக்குள் ஓடிற்று. செத்திருக்கும் என்று எண்ணி இவரும் பின்னாலேயே கரும்புக்குள் நுழைந்தார். அது திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது.

கட்டைவண்டியில் போட்டுப் பாலாற்று மணலைக் கடந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அந்த மணலில் வண்டி நகர்ந்த நகர்ச்சியை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. உயிர் தங்குமா என்றே தெரியவில்லை. தங்கியது, கால் மட்டும் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார்.

நைனா தினமும் வந்தார். உள்ளே வரமாட்டார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் என் கணவரே அவரை உள்ளே கூப்பிட்டனுப்பினார். நைனா கட்டிலுக்கு எட்டவே நின்றார். உட்காரச் சொன்னதற்கு நிற்கிறேன் என்றார்.

"அது பன்னிக்கு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ளைகிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம நின்னுக்கினே இருந்துட்டேன்."

என் கணவர் கட்டிலருகே கிடந்த முக்காலியைக் கையால் அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "உக்காந்து இப்ப சொல்லுங்க" என்றார்.

நைனா உட்கார்ந்தார். கையில் ரைபிள் இல்லாமல் அவர் அத்தனை நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என்னிடம் கூடத்தில் நடந்தபடி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். தம் கண் மூடிய கதையையும், கரையில் தெறித்த குண்டையும் சொன்னார். உங்களுக்குச் சுடத் தெரியாது என்பதையும் சொன்னார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

காயம் ஆறியதும் இருவருமாகச் சென்னைக்குப் போனார்கள். முந்நூற்றுப் பதினைந்தை என் கணவரே தேர்ந்தெடுத்தார். தோளில் வைக்கிற கட்டை நீளமாக இருக்கிறது, உங்கள் கைக்குச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள் என்று நைனா கடையிலேயே எல்லார் எதிரிலும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னவர் என் கணவர்தான். கோடைதோறும் ஏரிக்குள் இருவரும் போனார்கள். என் கணவருக்கு அந்தக் காலை ஊன்றி நின்று சுட வராது என்பதால் படுத்துச் சுட்டார். நைனாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் புழுதியில் குப்புறக் கிடப்பதைத் திருப்புட்குழிக்காரர்கள் பின்னால் எட்ட நின்று பார்த்துச் சிரிப்பார்கள்.

ஊனமான அந்தக் காலை நைனா கடைசிவரை மறக்கவில்லை. என் கணவர் எழுந்து நடக்கும் போதெல்லாம் நைனா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இருபத்திரண்டை வாங்கியது சரியா, தப்பா? புதியவர் கைக்குச் சரி, கடலை வயலுக்குத் தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கடைசி மாதங்களில் நைனாவுக்கு நீர் கோத்துக் கால்கள் வீங்கிவிட்டன. நடக்கவே பிறந்தவர் கட்டிலோடு கிடந்தார். கை மட்டும் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லாரும் இன்றைக்குத் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். என் கணவரைக் கூப்பிட்டு, "மாப்ள, நீங்க சொல்லுங்க, எந்திரிப்பேனா?" என்று கேட்டார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்ல மாமா" என்றார். அதன் பிறகு அந்தக் கை அடங்கிற்று. மறுநாள் நினைவு தப்பியது, அப்படியே போய்விட்டார்.

நைனாவுக்கு வைத்தியம் செய்த டாக்டருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்த பெரியப்பா மகனுக்கும், கடையை ஒரு நாளும் மூடாமல் பார்த்துக்கொண்ட கணக்குப்பிள்ளைக்கும், கரைமேல் சிவப்புத் துணியோடு வெயிலில் நின்ற திருப்புட்குழி நண்பர்களுக்கும், நைனாவின் துப்பாக்கியைத் தாலுகா கச்சேரியில் முறைப்படி ஒப்படைக்க உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் மிச்சம். பாடையைத் தூக்கும்போது, உங்கள் காலுக்கு ஆகாது, வேறு யாராவது பிடிக்கட்டும் என்று என் கணவரைத் தடுத்தார்கள். "எங்கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்ன மனுஷன் அவரு. உடுங்க" என்று சொல்லித் தோள் கொடுத்தார். இவர் அடி வைக்கிற போதெல்லாம் பாடை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. தெருமுனை திரும்பும்வரை நைனா சாய்ந்து சாய்ந்தே போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

என் கணவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் இந்த ஒரு வருஷமும் நானும் நின்றுகொண்டே இருந்துவிட்டேன். இந்த மலர் அவர் கைக்கும் வரும். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுமந்ததை நான் பார்த்தேன்.