பிழை இல்லாத ஒரு பக்கம்

அந்தப் பழைய கணினியை முடுக்கியதும் அதன் பின்புறத்து விசிறியிலிருந்து சூடான தூசி வாசனை வரும். அதில் அச்சு மையும் லேசாகக் கலந்திருக்கும். திருத்தங்கலில் அப்பா வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் பல வருடம் உழைத்து, புது இயந்திரம் வந்ததும் ஓரங்கட்டப்பட்டு, ‘சீசன்’ நேரத்தில் வீட்டிலிருந்தும் எழுத்துக் கோத்துக் கொடுப்பதற்காக எங்கள் சிவகாசி வீட்டுக்கு வந்து சேர்ந்த கணினி அது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு.

அதே வருடத்தில்தான் அம்மா வீட்டைவிட்டுப் போனாள். என்ன சண்டை என்பது இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு காலையில் துணிப்பை ஒன்றோடு சாத்தூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை; படிப்பு கெடும் என்று என்னை அப்பாவிடம் விட்டுவிட்டார்கள். சமைத்துப்போட வந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், அம்மாவின் பேச்சை யார் எடுத்தாலும் “வேற சோலியப் பாருங்க” என்று எழுந்துபோய்விடுவாள். பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த சாத்தூர், எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாத ஊராகிவிட்டது.

அச்சகத்தில் மை சரியாகப் பிடிக்காத தாள்களைக் ‘கழிவு’ என்பார்கள். நோட்டுக்கு அட்டை போடுவதற்காக அப்பா கொண்டுவந்த கழிவுக் கட்டில், இணையப் பக்கம் எழுதுவதைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகத்தின் வெட்டாத தாள்கள் இருந்தன. மடித்தால்தான் வரிசையாக வரும் அந்தப் பெரிய தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் நிற்கும், மேல்வரிசைப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும்; பள்ளிவிட்டு வந்து பேச யாரும் இல்லாத மாலைகளில் நான் அதைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி உட்கார்ந்து வாசித்தேன். கோண அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதித் திறந்தால், அதே சொல்லைச் சாய்கோட்டோடு எழுதி மூட வேண்டும் என்பது அதில் நான் கற்ற முதல் பாடம். “தொறந்த பானைய மூடாத வீட்ல பூனைக்குத்தான் பொங்கல்” என்று அத்தை அடுக்களையில் சொல்வது எனக்கு இதற்கும் சரியாகவே பட்டது.

வீட்டில் இணையம் கிடையாது. சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும், ஃபிளாப்பியைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த ‘பிரௌசிங் சென்டர்’ போவேன். இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் என் பக்கத்தை ஏற்றினேன்: என் பெயர், ஊர், பிடித்த பாடம், நான் வரைந்த ஒரு கிளி. பக்கம் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் தளம் ஒன்று இருப்பதாக அந்தக் கழிவுத் தாளில் இருந்தது. முகவரியைக் கொடுத்தேன். திரையை இரண்டு முறை உருட்டும் அளவுக்குச் சிவப்பில் பிழைப் பட்டியல் வந்தது.

அழுகை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. என் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டு, எந்த வரியில் என்ன குறை என்று பதில் சொல்ல ஒன்று இருந்தது. பட்டியலைத் தாளில் எழுதிவந்து, ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் திருத்துவேன். மூடாத பத்தி, மேற்கோள் குறி விட்டுப்போன இடம், உள்ளே திறந்ததை மூடுமுன் வெளியே திறந்ததை மூடிய அவசரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது.

அது முடியப்போகிறதே என்ற பயத்தில்தானோ என்னவோ, ஆல்பத்திலிருந்து அம்மாவின் படம் ஒன்றை அத்தைக்குத் தெரியாமல் உருவி, பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து பக்கத்தில் சேர்த்தேன். சோதனைத் தளம் உடனே கேட்டது: இந்தப் படத்துக்கு மாற்று உரை எங்கே? படம் தெரியாதவர்களுக்காக, அது என்ன என்று சொற்களில் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை அது கேட்டுவிட்டது. ஒரு வாரம் யோசித்தேன். ‘அம்மா’ என்று மட்டும் எழுதினால் போதவில்லை. எல்லோருக்கும் அம்மா உண்டு. கடைசியில், தமிழ் எழுத்து பல கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலமாதலால், ஆங்கில எழுத்தில் இப்படி எழுதினேன்: ‘சாத்தூரில் இருக்கும் என் அம்மா.’

அந்தச் சனிக்கிழமை பச்சை நிறத்தில் ஒற்றை வரி வந்தது. பிழை ஏதும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், பக்கத்து மேசைகளில் யாரையும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அச்சகத்தில் இணையம் உண்டு. படத்தை அவர் பார்ப்பார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

திங்கள் மாலை வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். “பாப்பா, அந்தப் படத்த எடுத்துரு” என்றார். அவ்வளவுதான். ஆல்பத்துக்குள் நான் திருப்பி வைத்திருந்த படமும் மறுநாள் அங்கே இல்லை. அத்தையிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்த சனிக்கிழமை தளத்திலிருந்து படக் கோப்பை மட்டும் அழித்தேன். பக்கத்தைத் திறந்தபோது, படம் இருந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம். கட்டத்துக்குள் நான் எழுதியிருந்த அந்த வரி. படம் வராவிட்டால் சொற்கள் வரும் என்று வாசித்திருந்தேனே தவிர, அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. சோதனைத் தளத்திடம் கேட்டேன். பிழை ஏதும் இல்லை என்றே அது சொன்னது. அப்பா படத்தைத்தான் எடுக்கச் சொன்னார், வரியை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் மறுபடி பார்த்திருக்க வேண்டும். புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஞாயித்துக்கெழம சாத்தூர் போவமா?” என்றார். அத்தை குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி விடணும், வெள்ளன எழுப்பி விடுடா” என்றாள்.

சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் அப்பா நின்றுவிட்டார். மாமா வீட்டு வழியை மட்டும் சொன்னார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மா, பசை விரலோடு எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பிடிம்மா வந்தே? அப்பா விட்டாகளா?”

“அவுகதான் கூட்டிட்டு வந்தாக. பஸ் ஸ்டாண்டுல நிக்காக.”

அம்மா வாசலைப் பார்த்தாள். “சாப்பிட்டாகளா?” என்றாள். நான் கிளம்பும்போது காராச்சேவுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். சிவகாசி வரும் வரை அப்பா அதை மடியிலேயே வைத்திருந்தார், பிரிக்கவில்லை.

அவர்கள் மறுபடி ஒன்றாக வாழவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் போய்வந்தேன், பள்ளி முடியும் வரை. இலவச இடம் கொடுத்த அந்தத் தளம் ஒருநாள் அறிவிப்போடு மூடப்பட்டது. அந்த பிரௌசிங் சென்டர் செல்போன் கடையாகிவிட்டது. ஃபிளாப்பியை வாசிக்க இயந்திரம் இல்லை. அத்தையும் அப்பாவும் இப்போது இல்லை. நான் விருதுநகரில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள்.

போன மாதம்தான் அவளிடம் இதையெல்லாம் முதல்முறையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் படத்துல நான் என்ன சேல கட்டியிருந்தேன்?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். படத்தில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள் என்றுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று நான் எழுதியதோ அவள் எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும். சேலையின் நிறம், பின்னால் இருந்த சுவர், அவள் சிரித்தாளா என்பது, எதுவுமே நினைவில் இல்லை.

“தெரியலம்மா” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள் அம்மா.