மீசை எடுத்த வேற்றுக்கிரகவாசி

சொர்ணலதாவுக்கு இருந்தது ஒரே ஆசை. டிவியில் அவள் முகம் வரவேண்டாம், பெயர் வந்தால் போதும். மைசூரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தவள், சில வருஷமாக ஒரு கன்னட சீரியலுக்குப் போடுகிறாள். ஹனூரில் இருக்கும் நாத்தனார் தேவம்மா இதை நம்புவதாக இல்லை. ஆரம்பப் பாட்டோடு ஓடும் பெயர்களில் டிரைவர் வருகிறார், சாப்பாடு கொண்டுவருகிறவர் வருகிறார், இவளை மட்டும் காணோம் என்றால் ஒரு மனுஷி எதைத்தான் நம்புவாள்? எந்த விசேஷத்துக்குப் போனாலும், "நம்ம சொர்ணாவும் டிவியிலதா இருக்கறாளாமா" என்று நாலு பேர் முன்னால் இழுப்பாள். அந்த இழுப்பில் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாய்ப்பு ஆகாயத்திலிருந்து வந்தது. சீரியலைப் பார்க்கிற கூட்டம் குறைந்துகொண்டே போக, மருமகளை இதற்குமேல் அழவைக்க வழி தெரியாத கதாசிரியர், மொட்டைமாடியில் ஒரு ஏலியனை இறக்கிவிட்டார். குடும்பத்தைக் கெடுக்க வந்த ஏலியன். புரொடக்‌ஷன் மேனேஜர் மஞ்சுநாத் சொர்ணலதாவைக் கூப்பிட்டு, ரப்பரில் ஒரு முகம் வேண்டும், பார்த்தால் குழந்தைகள் அலறவேண்டும், செலவு மட்டும் மருமகளின் மேக்கப் செலவைத் தாண்டக்கூடாது என்றார். அவள் தயங்கியதைப் பார்த்து, இது எடுபட்டால் டைட்டிலில் அவள் பெயரைத் தனியாகவே போடுவதாகச் சொன்னார். அதற்குமேல் எங்கே தயங்குவது?

நடிகரின் முகத்தில் அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணால் விகாரமான முகம் செய்து, அதற்கும் அச்செடுத்து, உள்ளே ரப்பர் பால் பூசிக் காயவைத்து உரிக்கவேண்டும். செல்போனில் பார்த்தே படித்துக்கொண்டாள். ரப்பர் பால், கேரளாவிலிருந்து குண்டலுபேட்டை வழியாக வரும் லாரிக்காரர் ஒருவர் தயவில் கேனில் வந்தது. அந்த நாற்றத்தில் அவள் வீட்டுக்காரர் சென்னப்பன் வாசலில் உட்கார்ந்தே சாப்பிட்டார். பிளாஸ்டர் மாவு, ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்களிடம் மிஞ்சியது.

ஏலியனாக நடிக்கவேண்டிய தருண்குமார்தான் ஒத்துழைக்கவில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், முகத்தில் மாவைக் கொட்டி ஏதாவது ஆகிவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரே பிடிவாதம். சரி, அச்சு வேண்டாம் என்று களிமண்ணோடு உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்களை அழகாக்கியே பழகிய கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எப்படிப் பிசைந்தாலும் களிமண் லட்சணமாகவே வந்தது. அந்த ஏலியனுக்குத் தருண்குமாருக்கு முன்னால் வரன் அமைந்துவிடும் போலிருந்தது.

படப்பிடிப்பு நெருங்கியதும் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கிவந்தாள். புது வீடு கட்டுகிற இடத்தில் கண்பட்டுவிடாமல் இருக்கத் தொங்கவிடும் அரக்க முகம். கோரைப்பல்லை உடைத்தாள், நாக்கை ராவினாள், மீசையைச் சுரண்டினாள், அச்செடுத்தாள். தருண்குமாரின் முகத்தைவிடப் பெரிதாக இருந்ததை உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துச் சரிக்கட்டினாள். உரிக்கிற அவசரத்தில் இடது கன்னத்தில் அவள் கட்டைவிரல் பதிந்து ஒரு குழி விழுந்தது. பச்சை பூசியதும், மீசையோடு அரக்கனும் போய்விட்டான் என்று நினைத்தாள். உருட்டி விழிக்கும் கண்களைத் தொட அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் படப்பிடிப்பில் ஏலியன் வாசல் கேட் பக்கத்தில் வந்து நின்றதும், லைட்மேன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். அப்போதே அவளுக்கு உறைத்திருக்கவேண்டும்.

ஒளிபரப்பானபோது எந்தக் குழந்தையும் அலறவில்லை. பெரியவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அந்த முழி வாசலில் நின்றால் வீட்டுக்கு நல்லது என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த ஜனங்கள். சேனலுக்கு வந்த போனெல்லாம், அது கெடுக்க வந்ததில்லை, காக்க வந்தது என்றே சொன்னது. கதாசிரியர் உடனே வழிக்கு வந்தார். பொறாமைக்காரச் சித்தியின் கண்ணை ஏலியன் தடுத்தது. மாமியார் அதன் முன்னால் பூசணிக்காய் உடைத்தாள். பச்சை நெற்றியில் குங்குமம் ஏறியது. சீரியல் எங்கேயோ போய்விட்டது.

சொர்ணலதா ஹனூருக்குப் போன் போட்டு, இனிமேல் டைட்டிலைத் தவறாமல் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். பெயர் வரவில்லை. மஞ்சுநாத்திடம் போய் நின்றாள். அவர் தன்மையாகத்தான், கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி பேசினார்.

"நோடி மேடம், அது இப்ப சாமி ஆகிடுச்சு. சாமிக்கு மேக்கப் போட்டது இன்னாருன்னு பேரு போட்டா ஜனங்களுக்குப் பேஜாராகும். சொல்ப அட்ஜஸ்ட் மாடி."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எடுபடாமல் போயிருந்தாலும் பெயர் வந்திருக்காது, எடுபட்டதாலும் வரவில்லை. அன்று சாயங்காலம் முகத்தை உரித்தபோது சாமி வாய்விட்டுக் கத்தினார். தருண்குமார் என்ன செய்வார், பாவம்.

அந்தச் சமயத்தில்தான் தேவம்மா ஹனூரில் வீடு கட்ட ஆரம்பித்தாள். டிவியில் வருகிற பச்சைச் சாமி முகம் மைசூரில் கிடைக்கிறதாம், ஒன்று வாங்கிவா என்று போன் வந்தது. சொர்ணலதா அதே மார்க்கெட்டில் அதே கடைக்குப் போனாள். பிளாஸ்டிக்கில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மீசை இல்லை. இடது கன்னத்தில் குழி இருந்தது. இதைச் செய்தது யார் என்று கேட்டாள். இதையெல்லாம் யாரம்மா செய்வார்கள், காலங்காலமாக இருப்பதுதானே என்றார் கடைக்காரர். அன்றைக்கு மீசைக்காரனை வாங்கியபோது, தானும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ஹனூரில் மேஸ்திரி சாரத்தில் ஏறி முகத்தைக் கட்டினார். சொந்தபந்தமெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. சொர்ணலதாவால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை.

"இது நாஞ் செஞ்சதுங்க."

தேவம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏனு சொர்ணா, சாமிய ஆராச்சும் செஞ்சம்பாங்களா? மொதல்ல தப்பு போட்டுக்கோ."

எல்லோரும் இவளையே பார்த்தார்கள். மேலேயிருந்து அந்த முழியும் பார்த்தது. சொர்ணலதா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.