ஊதா நிறம் மறைந்த வேகம்

கொட்டாஞ்சேனையில் இருந்த என் சகலன், மனைவியின் அக்காவின் கணவர், ஐந்து மூலிகை போட்டுக் கஷாயம் காய்ச்சுவார். அவர் மனைவியான என் மச்சாளின் மார்பில் கட்டி கண்டு ஒப்பறேசனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவரோ, கஷாயமே கரைத்துவிடும் என்று மறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி ஆய்வுகூடத்திலதானே மூலிகை சோதிக்கிறார். அவர் சொல்லட்டும்" என்று மச்சாள் என்னைக் கைகாட்டினார்.

மூலிகைச் சாறு பட்டால் நிறம் மாறும் ஊதாக் கரைசல் ஒன்றை ஆய்வுகூடத்தில் பாவிக்கிறோம்; அதைச் சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலை வெயிலுக்குப் பிடித்து, "வைன் த?" என்று சிங்களத்தில் வைனா எனக் கேட்டான். சாயம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. போத்தலைத் திருப்பித் தந்தான்.

சகலனும் மச்சாளும் எங்கள் குசினி மேசையில் காத்திருந்தார்கள். சோதனைக் குழாயில் கரைசலை ஊற்றி, கஷாயம் மூன்று துளி விட்டேன். எண்ணுவது என் பழக்கம். இருபது எண்ணுவதற்குள் ஊதா மறைந்து மஞ்சளானது.

"பாத்தியே! நோய் ஓடிட்டுது!" சகலன் மேசையில் குத்தினார்.

"அப்ப ஒப்பறேசன் வேண்டாமெண்டு சொல்லுவமே?" என்றார் மச்சாள்.

மறைந்தது சாயம்தான், கட்டியல்ல என்று விளக்கினேன். சகலன் காதிலேயே போடவில்லை. அவர் பாதி குடித்து வைத்திருந்த பால் விடாத வெறும் தேத்தண்ணி கண்ணில் பட்டது. இன்னொரு குழாயில் கரைசல் ஊற்றி அதிலும் மூன்று துளி விட்டேன். ஏழு எண்ணுவதற்குள் மஞ்சள்.

"அண்ணை, உங்கட கஷாயத்தைத் தேத்தண்ணி வெண்டிட்டுது."

"அது சீனியாலயாக்கும்" என்று முனகினார்.

"சீனி எங்க போட்டது? உங்களுக்குத்தான் சலரோகமே!" என்றாள் என் மனைவி.

மச்சாள் குழாய்களை மாறி மாறிப் பார்த்தார்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்தத் தேத்தண்ணியை விடியவும் பின்னேரமும் குடிக்கிறன். நிறம் போனா நோய் போகுமெண்டால் எனக்கு ஏனப்பா கட்டி வந்தது?"

சகலன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கஷாயத்தை நீங்க குடியுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

போனார். கட்டியை எடுத்த பிறகு சகலன் பிளாஸ்க்கோடு வந்து கட்டிலருகே நின்றார். மச்சாள் மூடியைத் திறந்து இரண்டு தரம் முகர்ந்து பார்த்தார்.

"தேத்தண்ணிதானப்பா" என்றார் சகலன், பிள்ளையார் முன் நிற்பவர்போல.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடியுங்கோ, பாப்பம்."