நான்கடித் தொட்டியில் ஒரு கடல் மீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஓசூரில் பெங்களூர் போகும் சாலையில் எனக்கு ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்குள் கண்ணாடித் தொட்டிகளில் குளத்து மீன்கள் வளர்த்தேன். என் கையில் ஒரு மீனும் வீணாய்ச் செத்ததில்லை. அந்தத் தைரியத்தில், தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரி டிரைவரிடம், "கடல் மீன் ஒண்ணு கொண்டாங்க, வளத்துக் காட்டறேன்" என்றேன்.

அடுத்த நடையில் கடல் தண்ணீர்ப் பீப்பாயோடு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன். கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள்.

"ஏஞ்சல் மீன்னு சொல்லுதாக, அண்ணாச்சி. வளந்தா வளையம் போயி மஞ்சக் கோடு விழும். முக்கா மொழம் வரும்" என்றார் டிரைவர்.

நான்கடித் தொட்டியில் விட்டேன். லாரி டியூபில் காற்றடைத்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியே தண்ணீருக்குள் குமிழ் வரச் செய்தேன். நடைக்கு ஒரு பீப்பாய் புதுக் கடல் தண்ணீர் வந்தது. வேகவைத்த கீரையை மீன் ஆசையாகத் தின்றது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள்.

ஒரு வருஷத்தில் மீன் ஒரு சாண் ஆயிற்று. மஞ்சள் கோடுகள் தெரியத் தொடங்கின. துணைக்கு டிரைவர் கொண்டுவந்த சின்னக் கடல் மீனைக் குத்திக் குதறியது. இரண்டு தடவை வாலசைத்தால் கண்ணாடியில் முட்டியது.

"மூக்கு தேஞ்சுபோச்சு பாருங்க" என்றாள் என் மனைவி.

"பெரிய தொட்டி கட்டறேன்."

"எம்மாம் பெருசு?"

கைகளை விரித்துப் பார்த்தேன். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. 'இது வீட்டில் வளர்க்கிற மீன் இல்லை' என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். வளர்க்கத் தெரிந்தவன் சொல்கிறேன் என்பதால் அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுவாரம் கடையைப் பூட்டிவிட்டு, பீப்பாயோடு அதே லாரியில் ஏறினேன். தூத்துக்குடியில் டிரைவரின் மைத்துனர் தன் படகில் கடலுக்குள் பாறைப் பக்கம் கூட்டிப்போனார். பீப்பாயைச் சாய்த்தோம். மீன் படகடியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பாமல் நேராக நீந்தியது. கண்ணுக்கெட்டியவரை எதிலும் முட்டவில்லை.

"மலைக்காட்டு ஆளுக்குப் படகுல தலை சுத்துமே" என்றார் படகுக்காரர்.

"சுத்தல. சோறு இருந்தா போடுங்க" என்றேன்.